இதோ வந்துட்டேன்

போனில் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அவன் வீட்டுக் கேட்டுக்கென்று ஒரு சத்தம் உண்டு. கீழ்க் கீல் துருவேறிக் கிடப்பதால் முதலில் ஒரு முனகல், அப்புறம் தாழ்ப்பாள் கம்பியில் போய் இடிக்கும் சத்தம். தினமும் அதைத் தள்ளித் திறக்கிறவன் அவன்தான் என்பதால், வேனின் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோதும் அது சட்டென்று காதில் பிடிபட்டது.

“சரிப்பா, கேட் சத்தம் கேக்குது. நான் கதவத் திறக்கறேன்” என்று சொல்லிவிட்டு மகள் போனை வைத்துவிட்டாள்.

அவன் அப்போது காகித ஆலையின் மதில் சுவரைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. வீடு இன்னும் முக்கால் மணி நேரத் தொலைவில் இருந்தது. ஆனால் கொஞ்சம் முன்னால்தான், எங்கப்பா இருக்கீங்க என்று அவள் கேட்டதற்கு, இதோ வந்துட்டேன்டா கண்ணு, கேட்டுகிட்ட வந்துட்டேன் என்று கூசாமல் சொல்லியிருந்தான்.

நம் பேச்சில் இந்த ‘வந்துட்டேன்’ ஒரு விசித்திரமான சொல். உண்மையில் வந்து சேர்ந்தவனுக்கு அதைச் சொல்லும் அவசியமே இல்லை, அவன்தான் எதிரிலேயே நிற்கிறானே. வராதவன்தான் அதைச் சொல்வான். சட்டையைத் தேடிக்கொண்டிருப்பவன் சொல்வான், தலையில் சோப்பு நுரையோடு நிற்பவன் சொல்வான். கேட்கிறவருக்கும் விஷயம் தெரியும். ஆள் இன்னும் கிளம்பவே இல்லை என்று புரிந்துகொண்டு இன்னொரு டீ சொல்லிவிடுவார். இதில் யாருக்கும் யார் மேலும் வருத்தம் கிடையாது. இவனுக்கோ அந்தச் சொல் நாக்கிலேயே குடியிருந்தது. பார்சல் கிடங்கில் அவனுக்குப் பெயரே அதுதான். வந்துட்டேன் வந்துட்டானா என்று மேலாளர் கேட்பார், வந்துட்டேன் இன்னும் வரல சார் என்று லோடு ஏற்றுகிறவர்கள் சொல்வார்கள், கிடங்கே சிரிக்கும்.

மற்றவர்கள் அப்படிச் சொல்லிவிட்டு ஆற அமர வருவார்கள். அவனால் அது முடியாது. வாயிலிருந்து விழுந்த பொய்யை உண்மையாக்கிவிட வேண்டும் என்று ஒரு வெறி வந்துவிடும். அதற்கு அவனுக்குத் தெரிந்த ஒரே வழி வலது கால்தான். கம்பெனி வேனில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி ஒன்று இருந்தது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் போன வருஷமே அது வேலை செய்யாதபடி அதன் வாயை அடைத்துக் கொடுத்துவிட்டார். வந்தப்புறம் வந்துட்டேன்னு சொன்னா போதும், இங்க யாரும் கடிகாரத்த வெச்சுக்கிட்டு நிக்கல என்று மனைவி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். அவள் மருத்துவமனை சலவைப் பிரிவில் மாலை ஷிஃப்ட். அவள் கிளம்பி அவன் வந்து சேரும்வரை இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளைப் பக்கத்து வீட்டு அத்தை பார்த்துக்கொள்வார். இன்றைக்கு அந்த அத்தை மகன் வீட்டுக்குப் போயிருந்தார். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இரு, அப்பாவைத் தவிர யாருக்கும் திறக்காதே என்பது ஏற்பாடு.

அப்பா வந்துவிட்டதாக அப்பாவே சொல்லியிருக்கிறார், கேட்டும் திறந்திருக்கிறது. அவள் திறக்காமல் என்ன செய்வாள்?

காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். மழைக்காற்றுக்கு அந்தக் கேட் ஆடும். ஆனால் காற்று தாழ்ப்பாளைத் தூக்குமா என்று மனதின் இன்னொரு மூலை கேட்டது. வானத்தில் மிச்சமிருந்த வெளிச்சம் ஆலைப் புகையோடு கலந்து பழைய துணியின் நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் தேய்ந்த வைப்பர் கண்ணாடியில் கிறீச்சென்று இழுபட்டது. பின்னால் நனைந்த அட்டைப்பெட்டிகளின் புளித்த வாடை. நாள் முழுக்க இந்த வாடையோடுதான் அவன் தனியாக ஓட்டுகிறான். மனித முகத்தைப் பார்ப்பதெல்லாம் பார்சலுக்குக் கையெழுத்து வாங்கும் அந்த ஒரு கணம்தான், அந்த முகமும் பெட்டியைத்தான் பார்க்கும். மனைவியும் மகளும் அவனுக்கு டேஷ்போர்டில் செருகிய போனிலிருந்து வரும் இரண்டு குரல்களாகி வெகு நாளாயிற்று. அந்தக் குரல்களை விட்டால் அவனுக்கு யாரும் இல்லை.

வீட்டுக்குத் திரும்ப அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. ஒருமுறை முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தான்.

எடுத்தவள் சிரித்துக்கொண்டிருந்தாள். “ஏம்பா வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டே போன் பண்றீங்க?”

அவனுக்கு அந்தக் கேள்வி விளங்கவே கொஞ்சம் நேரமானது. யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டான். நீங்கதான் என்றாள். சித்தப்பாவா, மாமாவா என்று ஒவ்வொருவராகக் கேட்டான். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிவிட்டு, அவன் ஏதோ புது விளையாட்டு ஆடுகிறான் என்று நினைத்தவள்போல் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஷூ கழற்றுகிறீர்கள், தலையெல்லாம் ஈரம், சட்டைப் பையில் கம்பெனி பேர் என்று அவனுக்கே அவனைப் பற்றி விவரம் சொன்னாள்.

அவன் குனிந்து தன் சட்டைப் பையைப் பார்த்தான்.

அந்த ஆளிடம் போனைக் கொடு என்றான். சின்னக் கால்கள் நடக்கும் சத்தம். போன் கை மாறும் உரசல். அப்புறம் ஒரு மூச்சு, நீண்ட ஓட்டம் முடிந்து வண்டியை அணைத்ததும் தோளைத் தளர்த்தி அவன் விடுகிற அதே மூச்சு. அவன் பேசுவதற்குள் அந்தப் பக்கம் பேசியது.

“மெதுவா வா.”

அவன் குரல்தான். மொபைலில் பதிந்து கேட்கும்போது நம் குரலே நமக்குக் கொஞ்சம் அந்நியமாக இருக்குமே, அப்படி இருந்தது. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

வந்தது திருடன் என்றால்கூட அவன் இத்தனை பயந்திருக்க மாட்டான். திருடனுக்கு வேண்டியது இன்னதென்று தெரியும். வீட்டுக்குள் இருக்கும் அந்த ஆளுக்கு என்ன வேண்டும்? மெதுவா வா. அவசரமில்லை, எனக்கு இங்கே நேரம் வேண்டும் என்று ஒருவன் சொல்வதாகத்தான் அவனுக்கு அது கேட்டது. அவன் மகளோடு, பூட்டிய வீட்டுக்குள், நேரம் வேண்டும். வலது கால் தானாகவே கீழே போனது.

பக்கத்து வீட்டு அத்தையின் போன் அணைந்து கிடந்தது. மனைவியின் போன் வேலை நேரத்தில் லாக்கரில் இருக்கும் என்று தெரிந்தும் அடித்தான், அது யாருமில்லாத இரும்புப் பெட்டிக்குள் அடித்து ஓய்ந்தது. காவல் கட்டுப்பாட்டு அறையில் ஒரு பெண் எடுத்தார். முகவரியைச் சொன்னான், குழந்தை தனியாக இருக்கிறாள் என்றான். ஆள் எப்படி இருக்கிறான் என்று அவர் கேட்டபோது விடை நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் குடித்திருக்கிறீர்களா என்று கேட்பார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டான். வண்டி அனுப்புகிறோம், மழையில் வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும், நீங்கள் பதறாமல் பார்த்து ஓட்டி வாருங்கள் என்றார் அவர். எல்லோரும் இதையே சொல்கிறார்களே என்று அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

இருட்டிவிட்டது. மழை விளக்கு வெளிச்சத்தில் சாய்வான கோடுகளாக எதிரே வந்து மோதிக்கொண்டே இருந்தது. டயர்களுக்கு அடியில் தண்ணீர் சீறியது. சில இடங்களில் அந்தச் சீறல் திடீரென்று நின்றுபோகும், ஸ்டீயரிங் கைக்குள் கனமே இல்லாமல் ஆகிவிடும், வேன் தரையைத் தொடாமல் தண்ணீர்மேல் மிதக்கிறது என்று அவனுக்குத் தெரியும். ஒரு நொடிதான். மறுபடி சக்கரம் தரையைப் பிடிக்கும்போது பின்னால் பெட்டிகள் மொத்தமும் ஒரு பக்கம் சரிந்து இடிக்கும். ஸ்பீடோமீட்டர் முள் அவன் இதுவரை பார்க்காத இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் சூட்டில் கிளம்பிய எண்ணெய் நாற்றம் காலடி வழியாக ஏறி வந்தது.

பின் விளக்கே எரியாத லாரி ஒன்று கண்ணெதிரே கறுப்புச் சுவராக முளைத்தது. எப்படி ஒடித்தான், எப்படி அதைக் கடந்தான் என்று தெரியாது, லாரியின் தார்ப்பாய் பக்கவாட்டுக் கண்ணாடியில் அறைந்துவிட்டுப் போனது. அதற்கு அப்பால் தலைக்கு மேல் பிளாஸ்டிக் தாளைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் தள்ளி வந்த ஒருவர். அவரைத் தொடவில்லை. தொடவில்லை என்றுதான் நினைத்தான். பின்கண்ணாடியில் பார்த்தபோது சைக்கிள் மட்டும் தெரிந்தது. ஆள் ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறாரா, பள்ளத்தில் கிடக்கிறாரா என்று பிரித்தறிய முடியவில்லை.

நிற்கவில்லை. நின்றால் வீடு தள்ளிப் போகும்.

போன் அடித்தது. வீடு. மகள் இப்போது சிரிக்கவில்லை. வாயைப் போனோடு ஒட்டி வைத்துக்கொண்டு பேசுகிறாள் என்பது அந்தக் கிசுகிசுப்பில் தெரிந்தது. அவள் மூச்சின் ஈரம்கூடக் காதில் படுவதாக இருந்தது.

“அப்பா, நீங்க நிஜமா எங்க இருக்கீங்க?”

அவளுக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று அவன் கேட்கவில்லை, அவளே சொன்னாள். அந்த அப்பா அவசரமே படவில்லையாம். ஷூவை நேராக வைத்தாராம். தலையைத் துவட்டிக்கொண்டே இன்றைக்குப் பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டாராம், அவள் சொன்னதை முழுதாகக் கேட்டாராம், நடுவில் போன் பார்க்கவே இல்லையாம். நீங்க அப்படி இருக்க மாட்டீங்கல்ல என்றாள்.

அந்த ஒரு வாக்கியம் அவனைக் குத்திவிட்டுப் போனது. ஆனால் அதற்கு இப்போது நேரமில்லை. இப்போது அந்த ஆள் எங்கே என்று கேட்டான். சமையலறையில் ஜன்னல் சாத்துகிறார் என்றாள். முன் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். வாசல் பக்கம் போகக்கூடாது, ரோட்டுக்கு மட்டும் போகவே கூடாது என்று சொல்லிச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

கதவை அடைக்கிறான். ஜன்னலை அடைக்கிறான். வெளியே விடமாட்டேன் என்கிறான்.

“கண்ணு, நல்லாக் கேளு. போன அப்படியே மேசை மேல வெச்சுடு. சத்தம் போடாம தாழ்ப்பாளத் திற. வெளிய ஓடி வந்துடு. கேட்டத் தாண்டி நடு ரோட்டுல, லைட்டுக்குக் கீழ வந்து நில்லு. அப்பதான் எனக்குத் தெரியும்.”

“நீங்க வந்துட்டீங்களா?”

“வந்துட்டேன்.”

அவன் பெட்ரோல் பங்க்கைத்தான் தாண்டிக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் மேடு. மேட்டுக்கப்புறம் தண்ணீர்த் தொட்டி. தொட்டியை ஒட்டி ஒடித்துத் திரும்பினால் தெரு. அதுவரை அவள் மழையில், இருட்டில், தனியாக நிற்க வேண்டும். அந்த ஆள் ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். அவளைக் காணோம் என்று வெளியே வருவான். அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

காலை முழுதாக அழுத்தினான்.

போன் இணைப்பு திறந்தே இருந்தது. மரத்தின்மேல் அதை வைக்கும் மெல்லிய தட்டல் கேட்டது. வெறும் கால்கள். தாழ்ப்பாள், மெதுவாக, மிக மெதுவாக. கெட்டிக்காரி. பிறகு மழைச் சத்தம் திடீரென்று பெரிதாயிற்று. கதவு திறந்துவிட்டது.

அவள் வெளியே போய்விட்டாள். இனிக் கேட்பதெல்லாம் வீடுதான்.

மேடு. வேன் ஏறியது. வயிறு மேலே வந்தது. இறங்கியது.

வீட்டுக்குள் ஒரு ஜன்னல் சாத்தும் சத்தம். குழாயில் சொட்டும் தண்ணீர். காலடிகள், கூடம்வரை வந்து நின்றன. ஒரு நாற்காலி கீழே விழுந்தது. அப்புறம் அந்தக் குரல், போனுக்கு எட்டத்தில், வாசல் பக்கம் திரும்பி, உடைந்துபோய்க் கூப்பிட்டது.

“கண்ணு, ரோட்டுக்குப் போகாதடா. உள்ள வந்துடு. அவன் வேகமா வர்றான்.”

அந்தக் குரலில் இருந்த பயத்தை அவனுக்குத் தெரியும். அவளுக்குக் காய்ச்சல் உச்சிக்கு ஏறிய அன்று, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபோது அவன் தொண்டையிலிருந்து வந்த குரல் அது. அவளுக்குத் தீங்கு நினைக்கிற எவனுக்கும் அந்தக் குரல் வராது.

தண்ணீர்த் தொட்டி.

காலை எடுத்தான். பிரேக்கை மிதித்தான். திருப்பத்தில் ஒரு வேகத்தடை இருந்தது. வண்டியின் ஸ்பிரிங்கை உடைக்கிறது என்று ஆட்களிடம் பேசி அதை வெட்டியெடுக்க வைத்தவனே அவன்தான். இப்போது அங்கே வழுவழுவென்று தார். சக்கரம் நின்றுவிட்டது. வேன் நிற்கவில்லை. ஸ்டீயரிங் கைக்குள் கனமே இல்லாமல் சுழன்றது.

விளக்கு வெளிச்சம் மதில் சுவரைத் துடைத்துக்கொண்டு தெருவுக்குள் திரும்பியது.

அவன் சொன்ன இடத்திலேயே நின்றாள். நடு ரோட்டில். விளக்குக்குக் கீழே. அசையாமல். வெளிச்சம் முகத்தில் பட்டதும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். சிரித்தாள்.

ஹாரன். அடித்தானா, அடிக்க நினைத்தானா.

ஒரு சத்தம். பெரிதாக ஒன்றுமில்லை. கிடங்குத் தரையில் சின்னப் பார்சல் ஒன்று கை தவறி விழுகிற அளவுதான்.

வேன் அரைவட்டமாகச் சுழன்று, மூக்கு வீட்டைப் பார்க்க நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முன் விளக்குகள் கேட்டையும் அதற்கு முன்னால் ரோட்டில் கிடந்ததையும் ஒன்றாகக் காட்டின. அவன் கதவுப் பிடியில் கை வைத்தான். கை அங்கேயே இருந்தது. கால் எதையோ இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது, எந்த மிதியை என்று குனிந்து பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டு வாசலில் அந்த ஆள் வந்து நின்றான். அதே சட்டை, அதே முகம், கையில் துவட்டுகிற துண்டு. ஓடி வரவில்லை. ரோட்டோரத்தில் நின்று இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான், அதற்கப்புறம்தான் இறங்கினான். வெளிச்சத்துக்குள் மண்டியிட்டு, ஒரு கையைத் தலைக்கு அடியில் கொடுத்து, தூக்கத்திலிருக்கும் குழந்தையைக் கட்டிலுக்கு மாற்றுகிற பக்குவத்தோடு அவளைத் தூக்கினான். வேனின் முன்னால்தான் நடந்து போனான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் உட்கார்ந்திருப்பதை ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய வலது கை கீழே தொங்கி, ஒவ்வொரு அடிக்கும் ஆடிக்கொண்டே போனது.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

மேசைமேல் கிடந்த போன் இன்னும் திறந்திருந்தது. விழுந்த நாற்காலியை நிமிர்த்தும் சத்தம் கேட்டது. ஈரத் தலையைத் துண்டால் துவட்டும் சத்தம் கேட்டது, நிதானமாக, நெடுநேரம். அவன் இருக்கையில் அப்படியே உட்கார்ந்து, காதைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அவள் குரல் வருகிறதா, ஒரு முனகலாவது வருகிறதா என்று கேட்டான்.

“ஒண்ணுமில்லடா. அப்பா வீட்டுலதான் இருக்கேன். கண்ணத் திற” என்றது அவன் குரல். கொஞ்ச நேரம் பதிலுக்காகக் காத்திருந்துவிட்டு, மறுபடியும் அதையே முதலிலிருந்து சொன்னது.